கோப்பை வாங்கலாம், உள்ளே வர முடியாது

1963ஆம் ஆண்டு. தென்னாபிரிக்காவின் டர்பன் நகரம். நேட்டால் ஓபன் என்ற கோல்ஃப் போட்டி முடிந்துவிட்டது. மழை கொட்டுகிறது. தோற்ற ஆட்டக்காரர்களும் விருந்தினர்களும் கிளப் கட்டடத்துக்குள் போய்விட்டார்கள். வென்றவர் மட்டும் வெளியே மழையில் நிற்கிறார். அங்கேயே வைத்து அவர் கையில் கோப்பையைக் கொடுக்கிறார்கள். அவர் பெயர் சூசங்கர் சிவ்கோலம். ஊரில் எல்லாரும் கூப்பிட்டது பப்வா என்று. இந்திய வம்சாவளி. அதனால் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்க அவருக்கு அனுமதி இல்லை. அந்தப் படம் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது.

வவுனியாவில் இருந்துகொண்டு கோல்ஃப் பற்றி எழுதுகிறீர்களா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நகரசபை மைதானத்தில் பின்னேரம் போய்ப் பார்த்தால் ஃபுட்போல் இருக்கும், கிரிக்கெட் இருக்கும். கோல்ஃப் மட்டையை எங்கட ஆக்களில் பெரும்பாலானவர்கள் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். ஆனால் இந்தக் கட்டுரை மட்டையையும் பந்தையும் பற்றியது மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்து மேடைகளில், ரியூசன் வகுப்புகளில், பரிசளிப்பு விழாக்களில் நாங்கள் எல்லாரும் சின்ன வயசில் இருந்து கேட்டுவந்த ஒரு வசனம் இருக்கு: "திறமை இருந்தால் ஆராலும் உன்னை மறிக்க ஏலாது." அந்த வசனம் உண்மையா என்று பார்க்க கோல்ஃப் வரலாறு நல்ல இடம். ஏனென்றால் கோல்ஃபில் திறமையை மறைக்க முடியாது. நடுவர் தயவு, தேர்வுக்குழு தயவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 18 குழிகள். எத்தனை அடியில் பந்தைக் குழிக்குள் போட்டீர்கள் என்ற கணக்கு. குறைந்த கணக்குக்காரன் வென்றவன். அவ்வளவுதான்.

இப்பிடி நேர்மையான கணக்கு உள்ள ஒரு விளையாட்டில், ஒரே மாதிரித் தொடங்கிய இரண்டு வாழ்க்கைகளை எடுத்துக்கொள்கிறோம். ஒருவர் இங்கிலாந்துக்காரர், ஜே. எச். டெய்லர். மற்றவர் பப்வா. இரண்டு பேரும் பணக்காரர்களின் மட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்த பையன்கள். அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் 'கேடி' என்று பெயர். எங்கட ஊரில் கேடி என்றால் அர்த்தம் வேறு என்பது தெரியும், ஆனால் இங்கே அது ஒரு தொழிலின் பெயர்.

சப்பாத்துத் துடைத்த பையன்

ஜோன் ஹென்றி டெய்லர் 1871இல் இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன் மாவட்டத்தில், நோர்தாம் என்ற கிராமத்தில் பிறந்தார். கூலித்தொழிலாளர் குடும்பம். கிராமத்துக்குப் பக்கத்தில் கடற்கரையோரம் 1864இல் தொடங்கிய ஒரு கோல்ஃப் கிளப் இருந்தது. பதினொரு வயதளவில் டெய்லரின் பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு அந்த மைதானத்தில் பை தூக்கினார். பக்கத்தில் இருந்த வசதியான வீடொன்றில் எடுபிடி வேலையும் செய்தார். அந்த வீட்டுப் பிள்ளை ஹொரஸ் ஹச்சின்சன் பின்னாளில் பிரித்தானிய அமெச்சூர் போட்டியை 1886இலும் 1887இலும் வென்றவர். ஒரே ஊர், ஒரே புல்வெளி. ஒருவர் கனவான். மற்றவர் கனவானின் சப்பாத்தைத் துடைக்கிற பையன்.

டெய்லர் இராணுவத்தில் சேரப் பார்த்தார், கடற்படையில் சேரப் பார்த்தார். கண்பார்வை போதாது, பாதம் தட்டை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியது மைதானம்தான். புல் வெட்டுகிற வேலையில் தொடங்கி, 19 வயதில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார்.

அந்தக் காலத்தில் 'தொழில்முறை ஆட்டக்காரர்' என்றால் இன்றைக்கு நாங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. கோடிக் கணக்கில் காசு, விளம்பரம், தனி விமானம் ஒன்றும் இல்லை. அவர் கிளப்பின் வேலைக்காரர். உறுப்பினர்களுக்கு ஆட்டம் பழக்கவேண்டும், உடைந்த மட்டையைத் திருத்தவேண்டும், பந்து செய்து விற்கவேண்டும், புல்லைப் பார்க்கவேண்டும். காசுக்காக ஆடாத 'அமெச்சூர்' தான் கனவான். காசு வாங்கி ஆடுகிறவன் கூலியாள். ஆகவே உறுப்பினர்கள் உடைமாற்றி, சாப்பிட்டு, குடித்து, கதைபேசும் கிளப் கட்டடத்துக்குள் தொழில்முறைக்காரருக்கு இடம் இல்லை. அவருடைய இடம் பின்பக்கத்துப் பட்டறை.

1894இல் ஓபன் சாம்பியன்ஷிப் போட்டி முதல் தடவையாக ஸ்கொட்லாந்துக்கு வெளியே, இங்கிலாந்தின் சன்ட்விச் ஊரில் நடந்தது. வென்றவர் 23 வயது டெய்லர். அதற்கு முன்பு அந்தப் பட்டத்தை வென்ற தொழில்முறைக்காரர்கள் எல்லாரும் ஸ்கொட்லாந்துக்காரர். முதலாவது ஆங்கிலேயத் தொழில்முறைக்காரர் இவர்தான். அடுத்த வருசம் சென்ற் அன்ட்ரூசில் திரும்பவும் வென்றார். பிறகு 1900, 1909, 1913. மொத்தம் ஐந்து. 1913இல் ஹொய்லேக்கில் சூறைக்காற்றும் மழையும். மற்றவர்களின் பந்து திக்குத் திசை தெரியாமல் பறக்க, இவர் எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார். அவரும், ஹரி வார்டனும், ஜேம்ஸ் பிறெய்டும் சேர்த்து 1894 முதல் 1914 வரை நடந்த 21 ஓபன்களில் 16ஐ எடுத்துக்கொண்டார்கள். மூவருமே உழைப்பாளர் குடும்பத்துப் பிள்ளைகள்.

ஐந்து பட்டம் வென்றவருக்குக் கதவு தானாகத் திறந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. அதற்கு அவர் வேறொரு வேலை செய்யவேண்டி வந்தது.

1900ஐ ஒட்டி, சில கிளப்புகள் பந்தும் மட்டையும் விற்கும் உரிமையைத் தங்கட தொழில்முறைக்காரரிடம் இருந்து எடுத்துவிடப் பார்த்தன. சம்பளம் கொஞ்சம், கடைதான் சோறு போட்டது. கடை போனால் எல்லாம் போச்சு. இந்த நிலையில் தொழில்முறைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து 1901இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். பி.ஜி.ஏ. என்று இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரிகிற பெயர் அங்கேதான் தொடங்குகிறது. அதன் முதல் தலைவர் டெய்லர். பதினொரு வயதோடு பள்ளிக்கூடம் நின்ற மனிசன், தானாக வாசித்துப் படித்து, மேடையில் பேசவும் கடிதம் எழுதவும் பழகி, தன் தொழில்காரருக்காகப் பேசினார். நாங்கள் அவரைப் பற்றி வாசிக்கும்போது ஐந்து பட்டத்தைவிட இதுதான் பெரிதாகத் தெரிந்தது. பட்டம் ஒருவருக்கு. சங்கம் ஊரில் உள்ள பட்டறைக்காரன் எல்லாருக்கும்.

கதவு இருந்தாலும் மெதுவாகத்தான் அசைந்தது. 1920இல் அமெரிக்கச் சாம்பியன் வோல்டர் ஹேகன் இங்கிலாந்தின் டீல் ஊருக்கு ஓபன் ஆட வந்தார். உள்ளே உடைமாற்ற விடவில்லை. மனிசன் என்ன செய்தார் தெரியுமா? ஆடம்பரக் கார் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, கிளப் வாசலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தி, அதையே தன் உடைமாற்றும் அறை ஆக்கினார். அதே வருசம் அமெரிக்காவில் ஓகையோ மாநிலத்து இன்வெர்னெஸ் கிளப், தொழில்முறைக்காரர்களை முதன்முதலாக உள்ளே வரவேற்றது. ஆட்டக்காரர்கள் நன்றியாக ஒரு பெரிய கடிகாரத்தை அந்தக் கிளப்புக்குப் பரிசளித்தார்கள்.

டெய்லர் நீண்டநாள் வாழ்ந்தார். 1933இல் அமெரிக்காவை வென்ற பிரித்தானிய றைடர் கிண்ண அணிக்குத் தலைவராக இருந்தார். 1950இல் கோல்ஃப் உலகத்தின் கோயில் மாதிரியான சென்ற் அன்ட்ரூஸ் கிளப் அவரைக் கௌரவ உறுப்பினர் ஆக்கியது. 1957இல், சின்ன வயசில் பை தூக்கிய அதே டெவன் கிளப்புக்குத் தலைவர் ஆனார். சப்பாத்துத் துடைத்த பையன் முன்வாசலால் உள்ளே போக ஏறத்தாழ எழுபது வருசம் எடுத்தது. 1963இல், 91 வயதில், பிறந்த ஊரிலேயே இறந்தார்.

ஆற்றங்கரைப் பையன்

1950 என்ற வருசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டெய்லருக்கு சென்ற் அன்ட்ரூஸ் கதவு திறந்த அதே வருசம், தென்னாபிரிக்கப் பாராளுமன்றம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று, ஒவ்வொரு மனிதரையும் இனவாரியாகப் பதிவு செய்யும் சட்டம். மற்றது, எந்த இனம் எந்த இடத்தில் வாழலாம் என்று நிலத்தைப் பிரித்த குழுப்பகுதிச் சட்டம். 1953இல் இன்னொன்று: பொது இடங்களையும் வசதிகளையும் இனவாரியாகப் பிரிப்பதற்கு. டர்பனில் கேற்றோ மெனர் போன்ற பகுதிகளில் இருந்து இந்தியரும் ஆபிரிக்கரும் வெளியேற்றப்பட்டார்கள்.

டர்பனில் இந்தியர் எப்பிடி வந்தார்கள் என்பது எங்களுக்குப் புதுக்கதை இல்லை. 1860 நவம்பரில் சென்னையில் இருந்து 'ட்றூரோ' என்ற கப்பல் அங்கே போய்ச்சேர்ந்தது. கொஞ்ச நாளில் கல்கத்தாவில் இருந்து 'பெல்வெடெயர்' வந்தது. 1911 வரை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் கரும்புத் தோட்டங்களுக்கும் மற்ற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அதே காலத்தில்தான் தமிழ்நாட்டில் இருந்து இன்னொரு கூட்டம் மன்னார்க் கரையில் இறங்கி, இந்த வன்னிக் காட்டு வழியாக நடந்து மலைநாட்டுக் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போனது. 1948இல் குடியுரிமை பறிபோய், 1958இலும் 1977இலும் அடிவாங்கி, திரும்ப வவுனியாவுக்கு வந்து காடுவெட்டிக் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இந்தக் கட்டுரையை வாசிக்கிறவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். பப்வா தமிழர் இல்லை. பெயரே சொல்லும், வட இந்திய வழி. ஆனால் அவருடைய முன்னோரும் எங்கட முன்னோரும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எண்ணாகப் பதியப்பட்டவர்கள்.

பப்வா 1920களின் இறுதியில் டர்பனில், உம்கேனி ஆற்றுப் பக்கத்து றிவர்சைட் பகுதியில் பிறந்தார். எழுத வாசிக்கத் தெரியாது. மரக்கொம்பை வெட்டி மட்டையாக்கி அடித்துப் பழகினார். பிறகு பக்கத்து பீச்வூட் மைதானத்தில் வெள்ளையர்களுக்குப் பை தூக்கினார். சொல்லித்தர ஆள் இல்லாததால் மட்டையைத் தலைகீழாகப் பிடித்தார். கிரிக்கெட்டில் வலக்கை ஆட்டக்காரர் துடுப்பைப் பிடிக்கும்போது இடக்கை மேலே, வலக்கை கீழே இருக்கும் தானே? கோல்ஃபிலும் அப்பிடித்தான். பப்வாவுக்கு வலக்கை மேலே, இடக்கை கீழே. எந்தப் பயிற்றுநரும் முதல் நாளே திருத்திவிடுகிற பிழை. ஆனால் அந்தப் பிடியோடு பந்து சொன்ன இடத்துக்குப் போனது. பின்னாளில் அந்தப் பிடிக்கே அவருடைய பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள்.

வெள்ளையர் அல்லாதவர்களின் போட்டிகளில் அவரை வெல்ல ஆள் இல்லை. ஆனால் பெரிய போட்டிகள் வெள்ளையருக்கு மட்டும். அவருக்கு வேலை கொடுத்திருந்தவர் கிரகம் வுல்ஃப் என்ற இரசாயனவியலாளர். முகத்துக்குப் பூசுகிற 'ஓலே' கிறீமை டர்பனில் முதலில் தயாரித்தவர் இவர்தான். அவர் 1959இல் பப்வாவை ஐரோப்பாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த வருசமே டச்சு ஓபனைப் பப்வா வென்றார். சொந்த நாட்டில் பெரிய போட்டிக்கு விண்ணப்பிக்க முடியாதவர், இன்னொரு நாட்டின் தேசியப் போட்டியில் சாம்பியன். 1960இல் திரும்பவும் வென்றார். 1964இல் மூன்றாம் தடவை.

வெளிநாட்டில் வென்ற பிறகு, உள்நாட்டில் அவரை முற்றாக மறிப்பது அரசாங்கத்துக்கு வெட்கக்கேடு. எனவே விசேட அனுமதி கொடுத்து ஆட விட்டார்கள். அப்பிடி ஆடித்தான் 1963இல் நேட்டால் ஓபனை வென்றார். ஆட அனுமதி இருந்தது. கட்டடத்துக்குள் வர அனுமதி இல்லை. புல்வெளியில் இருபக்கமும் ஒரே கணக்கு. கூரைக்குக் கீழே வேறு கணக்கு. அதுதான் தொடக்கத்தில் சொன்ன மழைக் காட்சி.

அதே 1963இல்தான் டெய்லர் தன் சொந்த ஊரில் மரியாதையோடு இறந்தார். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கு இந்தக் கட்டுரையே தோன்றியது.

1965இல் பப்வா நேட்டால் ஓபனைத் திரும்பவும் வென்றார். இந்தமுறை தோற்றவர்களில் கெரி பிளேயர் இருந்தார். அதே வருசம் அமெரிக்க ஓபனையும் வென்று, உலகின் நான்கு பெரிய பட்டங்களையும் எடுத்து முடித்த தென்னாபிரிக்க வெள்ளையர். அவரை வென்றது அரசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை. ஒரு தடவை வென்றால் அதிசயம் என்று விடலாம். இரண்டாம் தடவை, அதுவும் நாட்டின் முதல் ஆட்டக்காரரை வென்றால், 'இவர்கள் தாழ்ந்தவர்கள்' என்று சட்டம் சொல்வது பொய் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு அனுமதிகள் நின்றன. வெள்ளையர் போட்டிகளில் ஆட விடவில்லை. கடவுச்சீட்டையும் பறித்தார்கள். உள்ளேயும் ஆட முடியாது, வெளியேயும் போக முடியாது. நல்ல வயசு முழுக்க அப்பிடியே போனது. 1978இல், ஐம்பதை எட்டுமுன், வறுமையில் இறந்தார்.

எங்கே பிரிந்தது?

இரண்டு பேரையும் ஒருக்கா ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடம் இல்லை. இரண்டு பேரும் பை தூக்கியவர்கள். இரண்டு பேரையும் ஒரு வசதியான வீடு கொஞ்சம் தூக்கிவிட்டது. இரண்டு பேரும் வென்றார்கள், ஒரு தடவை இல்லை, பல தடவை. திறமையில் குறை சொல்ல இடமில்லை. அப்ப ஏன் ஒருவர் கிளப் தலைவராக இறந்தார், மற்றவர் கைவிடப்பட்டு இறந்தார்?

டெய்லரை மறித்தது வழக்கம். அந்த வழக்கத்தைச் சட்டமாக யாரும் எழுதிவைக்கவில்லை. காசும் காலமும் சங்கமும் சேர்ந்து அதைக் கரைத்தன. பெரிய போட்டி நடத்தக் கிளப்புகளுக்குத் தொழில்முறைக்காரர் தேவைப்பட்டார்கள். தேவைப்படுகிறவன் ஒன்றுகூடி நின்றால் பேரம் பேசலாம். டெய்லர் பேசினார். அவருக்கு வாக்குரிமை இருந்தது, சங்கம் அமைக்கும் உரிமை இருந்தது, எழுதினால் பிரசுரிக்கப் பத்திரிகை இருந்தது.

பப்வாவை மறித்தது சட்டம். பின்னால் பொலிசும் சிறையும் இருந்தன. அவரை உள்ளே கூப்பிட விரும்பிய வெள்ளையர் இருந்திருந்தாலும், கூப்பிட்டால் அதுவும் குற்றம். அவருக்கு வாக்கு இல்லை. அவருடைய சங்கங்களை அரசாங்கம் கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்த நிலையில் திறமை கதவைத் திறக்கவில்லை. சொல்லப்போனால் திறமைதான் கதவை இன்னும் இறுக்கிச் சாத்த வைத்தது. சுமாரான ஆட்டக்காரராக இருந்திருந்தால் அவரை யாரும் தடைசெய்திருக்க மாட்டார்கள்.

இது தென்னாபிரிக்காவில் மட்டும் நடந்தது என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவின் பி.ஜி.ஏ. தன் யாப்பில் 'வெள்ளையர் மட்டும்' என்ற விதியை 1961 வரை வைத்திருந்தது. தொழிலாளர் உரிமைக்காக இங்கிலாந்தில் தொடங்கிய சங்கத்தின் பெயரையே கொண்ட அமைப்பு! கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர் புகழ்பெற்ற மாஸ்டர்ஸ் போட்டியில் ஆட 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் லீ எல்டர். சங்கம் இருந்தால் மட்டும் போதாது, அந்தச் சங்கத்தின் கதவு யாருக்குத் திறந்திருக்கு என்பதையும் கேட்கவேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இந்தப் பக்கத்தில்

எங்கட பக்கத்தில் இந்த விளையாட்டு எப்பிடி? கல்கத்தாவில் 1829இலேயே கோல்ஃப் கிளப் தொடங்கிவிட்டது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே மிகப் பழையது அது. இலங்கையில் 1880ஐ ஒட்டி காலிமுகத்திடலில் வெள்ளைக்காரர் ஆடத் தொடங்கினார்கள். 1896இல் அந்தக் கிளப் பொறளைப் பக்கம் மாறியது. இன்றைக்கும் களனிவெளி ரயில் அந்த மைதானத்தின் நடுவால் போகும். நுவரெலியா மைதானம் 1889இல் வந்தது. சுற்றிவரத் தேயிலை. தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளுக்கும் அந்தப் புல்வெளிக்கும் இடையில் இருந்த உறவு பெரும்பாலும் ஒன்றுதான்: வேலை.

ஆனால் அந்த வேலைக்குள் இருந்துதான் ஆட்டக்காரர் வந்தார்கள். இலங்கையின் பெயர்பெற்ற ஆட்டக்காரர் நந்தசேன பெரேரா பை தூக்கியவர். அவருடைய மகன் மிதுன் பெரேரா ஆசியச் சுற்றில் ஆடினார். இந்தியாவில், டெல்லி கிளப்பில் பை தூக்கிய அலி ஷேர் 1991இல் இந்திய ஓபனை வென்றார். அந்தப் பட்டத்தை எடுத்த முதல் இந்தியத் தொழில்முறைக்காரர் அவர். 1993இல் திரும்பவும் வென்றார். கல்கத்தாவில் புல் பராமரித்த தொழிலாளியின் மகன் எஸ். எஸ். பி. சௌரசியா 2008இல் டெல்லியில் நடந்த ஐரோப்பியச் சுற்றுப் போட்டியை வென்றார், 2016இலும் 2017இலும் இந்திய ஓபனை வென்றார், றியோ ஒலிம்பிக்கிலும் ஆடினார். இந்தியத் தொழில்முறைச் சுற்றின் பட்டியலைப் பார்த்தால் இலங்கையர் வரிசையில் என். தங்கராஜா, கே. பிரபாகரன் என்ற பெயர்களும் இருக்கும். எங்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர்கள் தெரியும்?

இந்த வெற்றிகளைப் பார்த்து "பார்த்தியா, திறமை இருந்தால் மறிக்க ஏலாது" என்று திரும்பவும் சொல்லத் தோன்றும். ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. இவர்கள் எல்லாரும் மைதானத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர்கள், அல்லது தகப்பனுக்கு அங்கே வேலை இருந்தது. மட்டையைத் தொட ஒரு வழி கிடைத்தவர்கள். பப்வாவுக்குக்கூட ஆற்றங்கரையில் ஒரு மைதானம் இருந்தது. மைதானமே இல்லாத இடத்தில் பிறந்த சௌரசியா எத்தனை பேர்? நீச்சல்தடாகம் இல்லாத மாவட்டத்தில் நீச்சல் வீரர் எத்தனை பேர்? பயிற்றுநர் இல்லாத பள்ளிக்கூடத்தில் ஓடுகிற பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் தோற்கவில்லை. போட்டிக்கு வரவே இல்லை. எந்தக் கணக்கிலும் அவர்கள் பெயர் இல்லை.

படத்தில் இருந்தவர்

கடைசியாக அந்த மழைப் படத்துக்கு வருவோம். அது சும்மா போகவில்லை. தென்னாபிரிக்க விளையாட்டின் இனவாதத்துக்கு எதிராக டெனிஸ் புறூட்டஸ் போன்றவர்கள் 1958 முதலே அமைப்பாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். 1964 தோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தென்னாபிரிக்கா சேர்க்கப்படவில்லை. 1968இல் கேப்டவுனில் பிறந்த கலப்பின ஆட்டக்காரர் பசில் டி ஒலிவேரா இங்கிலாந்து அணியில் இருந்தார் என்பதற்காக, தென்னாபிரிக்கா அந்தச் சுற்றுப்பயணத்தை ஏற்க மறுத்தது. சுற்றுப்பயணமே நின்றது. 1970இல் ஒலிம்பிக் இயக்கம் தென்னாபிரிக்காவை வெளியேற்றியது. திரும்ப 1992இல் பார்சிலோனாவில்தான் அது உள்ளே வந்தது. இந்த நீண்ட புறக்கணிப்புக்கு மக்களைத் திரட்டிய படங்களில் பப்வாவின் படமும் ஒன்று. அவருடைய அடிகளால் திறக்காத கதவை, அவருடைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் முப்பது வருசம் தட்டினார்கள்.

ஆனால் படத்தில் இருந்த மனிதருக்கு என்ன கிடைத்தது? உலகம் அவரைப் பார்த்து இரக்கப்பட்டது, கோபப்பட்டது. பிறகு பக்கத்தைத் திருப்பியது. அவர் தடைக்குள் இருந்து, ஏழையாக இறந்தார். ஆட்சி மாறிய பிறகு இறந்தவருக்கு நாட்டின் இகமாங்கா விருதைக் கொடுத்தார்கள். டர்பனில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். நல்லது. ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது கேட்டது மைதானத்துக்குப் பெயர் இல்லை. அதில் ஆட அனுமதி.

வவுனியாவில் இருந்து இதை எழுதும்போது எங்களால் ஒன்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக் ஃபார்ம் முகாமின் முள்ளுக்கம்பிக்குப் பின்னால் நின்ற சனத்தின் படங்கள் உலகம் முழுக்கப் போயின. அந்தப் படங்களில் இருந்தவர்களும் இன்றைக்கு எங்களோடு பஸ்ஸில் வருகிறார்கள், சந்தையில் நிற்கிறார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடுகிறார்கள். அந்தப் படங்களைப் பயன்படுத்திய அறிக்கைகள் ஏராளம். படத்தில் இருந்தவரிடம் போய் "இப்ப எப்பிடி இருக்கிறீங்கள், உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு. ஒரு மனிதரின் துன்பம் ஒரு போராட்டத்துக்கு உதவலாம். அதற்காக அந்த மனிதரை மறந்துவிட முடியாது.

ஆகவே அந்த மேடை வசனத்தை நாங்கள் கொஞ்சம் மாற்றிச் சொல்ல விரும்புகிறோம். திறமை இருந்தாலும் மறிக்க ஏலும். மறித்திருக்கிறார்கள். டெய்லரின் கதவு திறந்தது அவர் ஐந்து தடவை வென்றதால் மட்டும் இல்லை, 1901இல் மற்ற பட்டறைக்காரரோடு சேர்ந்து நின்றதாலும்தான். பப்வாவின் நாட்டுக் கதவு திறந்தது, அவருக்குப் பிறகு இலட்சக்கணக்கானவர்கள் ஆடமாட்டோம், பார்க்கமாட்டோம், வாங்கமாட்டோம் என்று ஒன்றாக மறுத்ததால். மைதானத்தில் தனியாக வெல்லலாம். கதவைத் தனியாகத் திறப்பது கஷ்டம்.

அடுத்தமுறை எங்கட பிள்ளை ஒன்று மாகாணப் போட்டியில் வென்று பதக்கத்தோடு பத்திரிகையில் வரும்போது, படத்தைப் பகிர்வதோடு நிற்காமல் இரண்டு கேள்வி கேட்போம். அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு ஓட ஒழுங்கான தடம் இருக்கா? அந்தப் பிள்ளையோடு ஓடவேண்டிய, ஆனால் தொடக்கக் கோட்டுக்கே வரமுடியாமல் போன மற்றப் பிள்ளைகள் எங்கே?